தடைக்காலத்தில் ஒரு மலைப் பயணத் திட்டம்

2004-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்து நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: "இமயமலை. மே மாதம். அவனும் வருகிறான். குளிரைப் பற்றிக் கவலையில்லை." கடைசி வாக்கியத்தின் கீழ் கோடும் போட்டிருக்கிறேன்.

அவன் என் பள்ளித் தோழன்; இருவருக்கும் அப்போது நாற்பத்தைந்து தாண்டியிருந்தது. காசிமேட்டில் ஓர் ஐஸ் கம்பெனியில் வேலை செய்தான். தகர கேன்களில் தண்ணீர் ஊற்றி, பாளமாக உறைந்ததும் எடுத்து, உடைத்து, விசைப்படகுகளுக்கு ஏற்றி அனுப்பும் வேலை. நான் ராயபுரத்தில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தா. மலையேற்றத்தைப் பற்றி நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தவன். பரங்கிமலைக்கு மேல் எதையும் ஏறியதில்லை. டில்லியிலிருந்து ஒரு மலையேற்றக் குழுவின் விளம்பரத் தாளை வரவழைத்திருந்தேன். உத்தராஞ்சலில், முதல்முறை ஏறுபவர்களுக்கான சிறிய பயணம். அதிலிருந்த பனிமலைப் படத்தை அவன் நெடுநேரம் பார்த்தான்.

"இது யாரு ஊத்துன ஐஸு?"

"யாரும் ஊத்தலடா. மேலேருந்து தானா விழுது."

"அப்போ அத்த பாக்கணும் மாமு. நான் ஊத்துனதையே பாத்துப் பாத்து பேஜாரா கீது."

திட்டம் அங்கேதான் தொடங்கியது. ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிடும். படகுகள் கரையில் நிற்கும், ஐஸ் போகாது. ஆண்டில் அவனுக்கு லீவு கிடைப்பது அப்போது மட்டும்தான். புதியவர்களுக்கு மே மாதம் ஏற்றது என்று அந்தத் தாளும் சொன்னது. "கவர்மெண்டே நமக்கு லீவு வுட்டுக்கீது" என்றான்.

ஏறிப் பழகத்தான் இடமில்லை. எண்ணூரிலிருந்து துறைமுகம் வரை எங்கள் பக்கத்தில் உயரமாக இருந்தவை புகைபோக்கிகளும் நிலக்கரிக் குவியல்களும். இரண்டிலும் ஏற விடமாட்டார்கள். ஆகவே திருவொற்றியூர் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தைத் தேர்ந்தெடுத்தோம். மாலையில் ஆளுக்கு இரண்டு செங்கல்லைப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு ஏறி இறங்கினோம். படியோரம் கருவாடு விற்ற அம்மா சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா நைனா, தெனம் ஏறி எறங்கினு கீறீங்கோ, எந்த வண்டிக்கு?"

"இமயமலை எக்ஸ்பிரஸ்ஸுக்கு" என்றான் அவன்.

"அது இங்க எங்க நிக்கும்? பேசின் பிரிட்ஜில எறங்கி மாறிக்க."

பரிசோதகர் ஒருவர் எங்களை நிறுத்தி டிக்கெட் கேட்டார். பையைத் திறந்து காட்டச் சொன்னார். செங்கல்லைப் பார்த்தவர் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் முதல் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் மலையேறினோம்.

ஒவ்வொரு முறையும் பாலத்தின் உச்சியில் அவன் நின்றுவிடுவான். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே போகும் சரக்கு வண்டியைப் பார்ப்பான். வண்டி போன பிறகும் நிற்பான். "வேடிக்கை பார்க்கிறான், பயிற்சி தாமதம்" என்று அந்த நாள்களின் குறிப்பில் எழுதியிருக்கிறேன். இன்று அந்த வரியைப் படிக்க மனம் வரவில்லை.

மார்ச் மாதம் குழுவினர் மருத்துவச் சான்று கேட்டார்கள். ராயபுரத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். எனக்கு உடனே கையெழுத்துப் போட்டார். அவன் முதுகில் ஸ்டெத்தை வைத்தவர் எடுக்கவேயில்லை.

"என்ன வேலைப்பா?"

"ஐஸ் கம்பெனி சார்."

"ஐஸ் உறைய வைக்கிற அமோனியா லீக் ஆகுமா?"

"எப்பனா ஆவும் சார். துணிய நனைச்சு மூஞ்சில கட்டிக்குவோம்."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். "மேல போகப் போகக் காத்து கம்மி. உனக்கு இங்கேயே பத்தல. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வெளியே வந்து டீ குடித்தோம். அவன் மெதுவாக ஆரம்பித்தான்.

"மாமு, பாலத்தாண்ட ஒரு டாக்டரு கீறாரு. ஆளப் பாக்காமலே சைன் போடுவாரு."

"வோணாம்டா."

"நான் இன்னா சாவறதுக்கா கேக்கறேன்? பாக்கறதுக்குத்தான கேக்கறேன்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டர் சொன்னது சரி என்றே நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் அந்த டீக்கடையைக் கடக்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறேன். நானும் போகவில்லை என்றதற்கு அவன் கோபப்பட்டான். "லூசு, ரெண்டு பேரும் ஊட்ல குந்திகினா யாருக்கு லாபம்? நீயாவது போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

போனேன். எங்கள் ஏற்றத்தின் மேல்பகுதியில், பாறை நிழலில் பனி கிடந்தது. கோவேறு கழுதைகள் மிதித்து அழுக்கேறிய பனி. தொட்டேன். படம் எடுத்தேன். உயரம், நேரம், வானிலை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

திரும்பியதும் படங்களை அவனிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"மிதிச்சா சத்தம் வருமா மாமு? நம்ம ஐஸு ஒடையறப்போ கத்தும். இது?"

எனக்குத் தெரியவில்லை. கவனிக்கவில்லை. அவன் கேட்கக்கூடிய கேள்வி அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். "ஞாபகம் இல்லடா" என்றேன். "பர்வால்ல வுடு" என்று படங்களை உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தான். ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

பிறகு அவன் வேலையை விட்டு மீஞ்சூரில் மகள் வீட்டோடு போய்விட்டான். பார்ப்பது குறைந்தது. 2008-ல் இறந்தான். காரியத்துக்குப் போனபோது அவன் மனைவி ஒன்று சொன்னார். அதற்கு முந்தைய வருடம் ஒரு யாத்திரைக் கூட்டத்தோடு அவன் பத்ரிநாத் போய்வந்தானாம். என்னிடம் சொல்லவேண்டாம் என்றானாம்.

"ஐஸ அள்ளிப் பாத்தாராம் ணா. கை சுட்டுச்சுன்னு சொல்லி சொல்லி சிரிச்சாரு."

அதே கூட்டத்தில் போன மணலி புதுநகர்க்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். வழியில் மண் சரிந்து, பஸ் பத்ரிநாத் போகாமலே ஜோஷிமட்டோடு திரும்பிவிட்டது, மலை முழுக்க மேகம், பனியை யாரும் பார்க்கவில்லை என்றார். இன்னொரு வண்டியும் போனதா என்றதற்கு, இருக்கலாம் என்றார். யாத்திரையை நடத்தியவரின் தொலைபேசி எண் இப்போது உபயோகத்தில் இல்லை. அவன் பனியைத் தொட்டானா என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.