கோப்பாய்க்காரி கண்ட உச்சி

ஐம்பத்தெட்டு வயதுவரை நான் ஏறிய உயரமான இடம் எங்கள் வீட்டு மொட்டைமாடிதான். யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் மலை ஏது, வேறு எதில் ஏறுவது?

போன வருடம் ஸ்கொட்லாந்தில் இருக்கும் மகளிடம் போயிருந்தேன். ஒருநாள் மருமகன் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு புல்மலைக்குப் போனார். "மாமி, நீங்கள் காருக்குள்ளை இருங்கோ. உங்களுக்கு ஏலாது" என்றார். அந்த 'ஏலாது' எனக்குப் பிடிக்கவில்லை. காருக்குள் கிடந்த மகளின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

அவர் வளைந்து வளைந்து போகும் பாதையால் நடந்தார். எனக்கோ உச்சி நேரே தெரிந்தது. பிறகேன் சுற்ற வேண்டும்? புல்லைப் பிடித்துக்கொண்டு செங்குத்தாக ஏறினேன். மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்து, கீழே பார்த்துக் கையாட்டினேன். திரும்பினால், பின்னால் இன்னும் உயரமாக மலை நிமிர்ந்து நின்றது.

எங்கள் ஊரில் கோபுரம் தெரிந்தால் அதுதான் கோபுரம். அதற்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருக்காது.

வந்து சேர்ந்த மருமகன், "இவ்வளவு ஏறினது காணும் மாமி, இறங்குவம்" என்றார்.

"நீங்கள் வேணுமெண்டால் நில்லுங்கோ தம்பி. நான் போறன்."

உண்மையான உச்சியில் ஒரே பனிப்புகார். ஒரு முழம் தள்ளி எதுவும் தெரியவில்லை. ஊர் திரும்பி இதைச் சொன்னபோது பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள்: "உதைப் பாக்கவோ அக்கா அவ்வளவு பாடுபட்டு ஏறினனீங்கள்?"

"ஓம்" என்றேன்.

நான் பிடித்த வழி பிழைதான், ஒப்புக்கொள்கிறேன். அடுத்த முறை வளைந்த பாதையால் போவேன். ஆனால் போவேன்.