"ஒண்ணும் கொடுக்கல டாக்டரம்மா"

1. என் தொண்டையின் புகழ்

முப்பது வருஷத்துக்கு மேல் கால்நடை மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். "ஒண்ணும் கொடுக்கல டாக்டரம்மா" என்பதைக் கேட்காத வேலைநாள் எனக்கு வாய்க்கவில்லை. கடைசி வருஷங்களில் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு கால்நடை போதனா மருத்துவமனையில், நாய் பூனைகளுக்கான பிரிவில் இருந்தேன். காலை எட்டு மணிக்கு ஓபி ஹாலைத் திறப்பார்கள். எட்டேகாலுக்குள் அன்றைய முதல் "ஒண்ணும் கொடுக்கல" வந்துவிடும்.

நாயின் வாயைத் திறந்தால் வேப்பெண்ணெய் வாடை குப்பென்று அடிக்கும். கேட்டால் ஒன்றும் கொடுக்கவில்லை. பூனையின் காது முழுக்க மஞ்சள் அப்பியிருக்கும். "இது என்னம்மா?" என்றால், "அது மருந்தா மேடம், மஞ்சளுல்லா" என்று என்னைத் திருத்துவார்கள். களக்காட்டிலிருந்து வந்த ஒருவர், ஆட்டுக்கு வாங்கிய குடற்புழு மருந்தைக் கைக்குட்டை அளவு நாய்க்குட்டிக்கு ஊற்றிவிட்டு, ஒன்றும் கொடுக்கவில்லை என்று சாதித்தார். கடைசியில் உண்மை வந்ததும் அவர் சொன்ன விளக்கம்: "அது ஆட்டுக்குல்லா வாங்குனது. நாய்க்குன்னு நான் ஒண்ணுமே வாங்கலயே."

இப்படிப்பட்டவர்களிடம் என்ன செய்வது? நான் வைதேன். நன்றாகச் சத்தம் போட்டே வைதேன். எங்களிடம் வரும் பிராணிக்குப் பேச வாய் கிடையாது, வீட்டார் சொல்லும் விவரத்தை வைத்துத்தான் பாதி நோயைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று வகுப்பில் வருஷாவருஷம் சொல்லிக்கொடுப்பவள் நான். அந்த விவரத்தில் ஒருவர் விடாமல் எல்லாரும் ஓட்டை போட்டுக்கொண்டு வந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்? என் அப்பா பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட வாத்தியார். கடைசி பெஞ்சுக்கும் கேட்கும் தொண்டையை எனக்கு விட்டுச் சென்றிருந்தார்.

2. ஒரு லாப்ரடாரும் ஒரு சாரைப்பாம்பும்

நான் சொல்லவந்த நாளில், பத்து மணி வாக்கில் ஒரு லாப்ரடார் வந்தது. கூட்டிவந்தவர் வங்கியில் அதிகாரி, இஸ்திரி கலையாத சட்டை. நாய் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, அதற்கு முன் கொஞ்சம் நொண்டியது என்றார். ஆசனவாயில் வைத்த தெர்மாமீட்டரை வெளியே எடுத்தால் தார் பூசியது போல வந்தது. வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம்.

"வலி மாத்திரை ஏதும் கொடுத்தீங்களா?"

"ஒண்ணும் கொடுக்கல மேடம்."

மூன்றாவது முறை கேட்டபோது சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். அவருடைய மூட்டுவலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தது. ஒரு நாளைக்கு இரண்டாக மூன்று நாள் கொடுத்திருக்கிறார்.

"படிச்சவங்கதானே நீங்க? அதோட வயித்தப் புண்ணாக்கிட்டு, ஒண்ணும் கொடுக்கலன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லுதிய! நீங்க மாட்டாஸ்பத்திரிக்கு வந்திருக்க வேண்டாம், நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கணும்!"

ஹாலில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. லாப்ரடாரை டிரிப்ஸ் போட அனுப்பிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

அடுத்தவர் பெயர் ஆறுமுகம், ஊர் கல்லிடைக்குறிச்சி. நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுபவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், மீசை பெரியது. ஒரு கையில் துண்டு போட்டு மூடிய பிளாஸ்டிக் கூடை. மறு கையில் மஞ்சள் பை.

"பாம்பு கடிச்சிட்டு டாக்டரம்மா" என்று சொல்லிக்கொண்டே மஞ்சள் பையை மேஜைமேல் கவிழ்த்தார். தலை நசுங்கிய ஒரு முழுநீளப் பாம்பு விழுந்தது. இன்டர்ன் மாணவர்கள் நாலு பேரும் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டார்கள். எனக்கு ஏற்கெனவே ஏறியிருந்த சூடு இன்னும் ஏறியது. வயலில் எலி பிடித்துத் தின்று பிழைக்கும் சாரை அது. அதற்கு விஷமே கிடையாது.

"அண்ணாச்சி, இது சாரை."

"இது சாரதான். கூட இன்னொண்ணு கெடந்துது. அது ஓடிட்டு."

கூடையில் முக்கலர் பூனை ஒன்று, பெயர் ராசாத்தி. முகம் பந்தாக வீங்கியிருந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் கூண்டுக்குள் வைக்கச் சொன்னேன். முகம் வீங்கியிருந்ததால் பாம்புக்கடி என்பதைத் தள்ளவும் முடியவில்லை. ஆனால் முன்னங்கால் பாதங்கள் இரண்டும்கூட வீங்கியிருந்தன. எந்தப் பாம்பு முகத்தில் ஒன்று, காலுக்கு ஒன்று என்று கடித்துவிட்டுப் போகும்? ஈறும் இளஞ்சிவப்பாக இல்லை, அழுக்குத் தண்ணீர் நிறத்தில் இருந்தது.

"காய்ச்சல் மாத்திரை ஏதும் குடுத்தியளா?"

"ஒண்ணும் கொடுக்கல டாக்டரம்மா. பாம்புதான்."

3. வைத்தியம் பார்க்காமல் விசாரணை நடத்தியது

மனிதர்கள் காய்ச்சலுக்குப் போடும் சாதாரண பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதைச் செரித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய்விடும். முகமும் பாதமும் வீங்கும். இதற்கு முறிவு மருந்து உண்டு. மனிதர்களுக்குச் சளி கரைக்கக் கொடுக்கும் மருந்துதான் அது. எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது.

இவ்வளவும் எனக்குத் தெரியும். மாணவர்களுக்குப் பரீட்சையில் கேள்வியாகவே வைத்திருக்கிறேன். ஆனாலும் நான் முதலில் செய்தது, அவர் சொன்ன பாம்பைப் பொய்யென்று நிரூபிக்கக் கிளம்பியது. பூனையின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசையாமல் வைத்தோம். விரியன் கடித்திருந்தால் பெரும்பாலும் உறையாது. அழகாக உறைந்தது. அதே ரத்தத்தில் ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுப் பார்த்தோம். சிவப்பாக இல்லை, கருப்பட்டிப் பாகு நிறத்தில் பரவியது.

துணியைக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். "இது பாம்பு வேலை இல்ல. என்ன குடுத்திய, சொல்லுங்க."

"எம் பிள்ள மேல சத்தியமா பாம்புதான் டாக்டரம்மா."

நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. இடையில் மற்ற கேஸ்களையும் பார்த்துக்கொண்டே ஒன்றரை மணி நேரம் இப்படிப் போயிற்று. அவர் ஒப்புக்கொள்ளும் வரை காத்திராமல் மருந்தைத் தொடங்கியிருக்க வேண்டும் என்று முதல் வருஷ மாணவர்கூடச் சொல்வார். சரிதான். எனக்கு அன்று நோய் தெரிந்திருந்தது, அவர் வாயால் அதைக் கேட்க வேண்டும் என்ற வீம்புதான் பெரிதாக இருந்தது. நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே எரிச்சலாக வருகிறது.

4. நான் வளர்க்காத பூனை

ஆறுமுகம் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுக்காமல் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"யாரு அண்ணாச்சி?"

"மவ. பம்பாயில இருக்கா. அவ பூனதான் இது. கல்யாணமாயிப் போகையில எனக்காவ ஒரு சொட்டு அழல. இதக் கட்டிக்கிட்டுத்தான் அழுதா. பத்திரமாப் பாத்துக்கிடுங்கப்பான்னு எங்கிட்ட விட்டுட்டுப் போனா. தெனமும் வீடியோல இதப் பாக்காம இருக்கமாட்டா." மீசை துடித்தது. "அவட்ட நான் என்ன சொல்லுவேன்?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். வரிசையில் நின்றவர்களும் மாணவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து என் வாயிலிருந்து வந்தது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

"நானும் பூனை வளத்தவதான் அண்ணாச்சி. மேலு சுடுதேன்னு நானே காய்ச்சல் மாத்திரையில அரை குடுத்தேன். செத்துட்டு. அப்பவே நான் டாக்டர்."

முழுப் பொய். எங்கள் வீட்டில் கோழிகூட வளர்த்ததில்லை.

அவர் என்னையே பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"நான் முழுசு குடுத்தேன் டாக்டரம்மா."

முந்தின நாள் ராசாத்தி சுருண்டு படுத்திருந்தது. காய்ச்சல் என்று நினைத்து, விடிந்ததும் பாலில் கரைத்துப் புகட்டியிருக்கிறார். மூன்று மணி நேரத்தில் முகம் வீங்கியது. கொல்லையில் சாரையைப் பார்த்ததும் இதுதான் கடித்தது என்று அடித்துவிட்டார். "அதுதான் கடிச்சிருக்கும்னு நானே நம்பிட்டேன்" என்றார். "இங்கன வந்தப்புறம், நீங்க மாத்திரன்னு கேக்கையில, சொல்லிரலாம்னுதான் வாயத் தொறந்தேன். ஆனா எனக்கு முன்ன நின்ன அந்த நாய்க்காரர நீங்க வைதத கேட்டுட்டு இருந்தேன். அவரு படிச்சவரு, அவருக்கே அந்த ஏச்சுன்னா..."

மேற்கொண்டு அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழுந்துபோய் முறிவு மருந்துக்குச் சீட்டு எழுதினேன்.

மாணவர் ஒருவர் பைக்கில் டவுனுக்குப் போய் முறிவு மருந்தை வாங்கிவந்தார். கொடுத்தோம். ஆக்சிஜன் ஓடியது. ஆறுமுகம் கூண்டுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். நடுவில் ஒரு தடவை, "ஒங்க பூனைக்கு என்ன பேரு வச்சிருந்திய?" என்று கேட்டார். வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னேன். நல்ல பேரு என்று தலையாட்டினார்.

நாலு மணிக்கு ராசாத்தி செத்துப்போயிற்று.

5. மகளிடம் சொன்னது

துண்டில் சுற்றி அவர் மடியில் கொடுத்தோம். மறுபடி போன் அடித்தது. பாம்பு கடித்துவிட்டது என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லட்டும், நானும் ஆமாம் போட்டுவிடலாம் என்று மனதுக்குள் தயாராகவே நின்றேன். அவர் இரண்டு கையும் பூனையின்மேல் இருந்ததால் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டது நான்தான்.

"ஏளா, ராசாத்தி செத்துட்டும்மா" என்றார். "நாந்தான் மாத்திரை குடுத்தேன். நல்லதுன்னு நெனச்சுக் குடுத்தேன், அது பூனைக்கு விசமாம். பாம்பு கடிச்சிட்டுன்னு ஒனக்குச் சொல்லணும்னுதான் இருந்தேன். ஆனா இங்கன டாக்டரம்மா, அவுகளே அவுக பூனைக்கு இப்படிக் குடுத்துக் கொன்னத இத்தன பேரு முன்ன மறைக்காம சொன்னாவ. அத்தன பெரிய படிப்புப் படிச்சவுகளே சொல்லுதாவ. நான் எம் பிள்ளட்ட மறைக்கலாமா?"

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

போனில் அழுகைச் சத்தம் வந்தது. நீண்ட நேரம் வந்தது. இப்போது வையப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவள் மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள்:

"காலைலேர்ந்து அங்கனயா இருக்கிய? எதாச்சும் சாப்பிட்டியளாப்பா?"

பூனையைப் பறிகொடுத்த பிள்ளை ஒரு வார்த்தை வையவில்லை. எதையும் பறிகொடுக்காத நான்தான் காலை பத்து மணியிலிருந்து ஊரைக் கூட்டி வைதுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஹாலில் யாரையும் நான் வையவில்லை. திருந்தி ஞானியாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வாரமே ஒரு அம்மா பூனைக்குக் கொசுவத்திச் சாம்பலைப் பூசிவிட்டு ஒன்றும் போடவில்லை என்றார். எக்ஸ்ரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்து வைதுவிட்டு வந்தேன். "என்ன மருந்து கொடுத்தீங்க?" என்று கேட்பதை நிறுத்தினேன். "வீட்டுல என்னென்ன மாத்திரை கிடக்கு?" என்று கேட்க ஆரம்பித்தேன். அதற்கு மளமளவென்று பதில் வரும். இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இது ஒன்றுதான்: ஒருவரை வைதால், வரிசையில் நிற்கும் பத்துப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவருடைய கூடைக்குள் உயிர் போய்க்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் மருந்தைக் கொடுங்கள், உண்மையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

அன்று கூட நின்ற மாணவர்கள், நான் வளர்த்ததாகச் சொன்ன அந்தப் பூனையை இன்றும் நம்பிக்கொண்டிருப்பார்கள். இதைப் படித்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஆறுமுகம் அண்ணாச்சியிடம் மட்டும் நான் சொல்லவில்லை. அன்று கிளம்பும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் எத்தன வருசமா இத மனசுல வச்சிக்கிட்டு இருக்கிய" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுத்தான் போனார்.