உம்மாவின் பதினோராம் விதி

உம்மா பேச்சுச் சிகிச்சையாளர்; விழுங்கும் சிக்கல்களையும் அவர்கள்தான் பார்ப்பார்கள். பல்கலைக்கழகத்தில் பதினெட்டு வருடம் படிப்பித்தார். பிறகு அத்தொழிலுக்கு அனுமதி வழங்கும் சபையில் அங்கம் வகித்து, ஒழுக்க விதிகளை எழுதினார். விழுங்க முடியாத நோயாளிக்கு வெறும் தண்ணீர் பருக்கிய எந்த மாணவரையும் அவர் சித்தியடைய விட்டதில்லை. தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று, நோன்புக் கஞ்சியின் பதத்துக்குத் தடிப்பாக்கிக் கொடுக்கச் சொல்வார்.

போன மாதம் புற்றுநோய் முற்றி, சாய்ந்தமருது வீட்டில் உம்மாவே விழுங்க முடியாமல் கிடந்தார். அவரது தங்கை கமீலா சாச்சி மக்காவின் புனித ஸம்ஸம் தண்ணீர்ப் போத்தலோடு வந்தார்.

“கடைசி நேரம் புள்ள. வாயில கொஞ்சம் உடு.”

“ஏலா சாச்சி. நெஞ்சுக்குள்ள போயிரும். உம்மாட சட்டம் அது.”

“உம்மாவும் சட்டம், மகளும் சட்டம்! தாகத்தோடயா அனுப்பப் போறாய்?”

நான் பொறியியலாளர். எழுத்தில் இருப்பதையே நம்புவேன். உம்மாவின் விதிக்கோவையைத் திறந்தேன். தண்ணீரைத் தடுக்கும் பதினோராம் விதியின் கீழ் அவர் இப்படிச் சேர்த்திருந்தார்: “இறுதித் தறுவாயில் இருப்பவரின் உதட்டையும் நாவையும் நனைக்கலாம். அதைக் குடும்பத்தவரே செய்யட்டும்.”

பஞ்சை ஸம்ஸமில் தோய்த்துப் பிழிந்து, உதட்டில் வைத்தேன். உம்மா மெல்லச் சப்பினார். சாச்சி, பிரியும் உயிருக்குக் கேட்க ஓதும் கலிமாவைச் சொல்லத் தொடங்கினார். நான் பஞ்சை மறுபடியும் தோய்த்தேன்.