ஸ்டீபனுக்கு மட்டும் ஓடிய கார்

போன வாரம் ஆபீசில் பக்கத்து சீட் தோழி தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "புது மெஷின்தான். கேம் போட்டா மட்டும் விக்குதுப்பா." பார்த்தேன். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பவர் சேவரில் போட்டு ஆடியிருக்கிறாள். மாற்றிக் கொடுத்ததும் விசிறி புஸ்ஸென்று கிளம்பியது. சூடேறிய பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்து ஒரு வாசனை வந்தது பாருங்கள், எனக்கு உடனே ஸ்டீபன் மேல் எரிச்சல் வந்துவிட்டது.

ஸ்டீபன் ஒதியம்பட்டுக்காரன். நான் பக்கத்து ஊரான உறுவையாறு. ப்ளஸ் ஒன்னில் ஒரே பெஞ்சு. பாடமெல்லாம் ஆன்லைனுக்குப் போன சமயத்தில் எங்கள் இரண்டு அப்பாக்களும் ஒன்றாகப் போய் ஒரே கடையில் ஒரே மாடல் லேப்டாப் வாங்கி வந்தார்கள். நிறம்கூட ஒன்றுதான். வகுப்பு முடிந்ததும் நானும் அவனும் அவரவர் இடத்திலிருந்தே கார் ரேஸ் ஆடுவோம். அவனை ஒரே ஒரு தடவையாவது ஜெயித்துவிட வேண்டும்; அந்த வருஷம் எனக்கிருந்த லட்சியம் அவ்வளவுதான். பரீட்சையெல்லாம் அதற்கப்புறம்.

முடியவில்லை. என் திரையில் காட்சி விக்கி விக்கி வரும். திருப்பம் கண்ணுக்குத் தெரிவதற்குள் கார் சுவரில் மோதியிருக்கும். அவனுக்கோ வழுக்கிக்கொண்டு ஓடும். கடைக்காரர் எனக்கு மட்டும் மட்டமானதைத் தள்ளிவிட்டார் என்றே நம்பினேன்.

அவன் உட்கார்ந்து ஆடும் இடத்தின் மேலும் பொறாமைதான். அவர்கள் கரும்புக் கொல்லையில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொட்டாய். மோட்டார் இரைச்சலில் லேப்டாப் விசிறி என்ன, லாரியே வந்தாலும் கேட்காது. எனக்கு வாய்த்தது ஷீட் போட்ட அறை. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா. பாடம் நடந்தால் விசிறி சும்மா இருக்கும், கேம் என்றால் இரையும் என்பதை வாங்கிய இரண்டாம் நாளே கண்டுபிடித்தவர். "இன்னாடா புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம்? படிக்கிறியா, கார் ஓட்றியா?"

ஒருநாள் தாங்க முடியாமல் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு, சைக்கிளில் கொட்டாய்க்கே போய்விட்டேன்.

"பொட்டி மாறிடுச்சிடா. நல்லது உன்கிட்ட வந்துடுச்சி."

"அட, ரெண்டும் ஒன்னுதான்பா."

"அப்ப மாத்திக்கலாம். ஒரு வாரம்."

"தாராளமா எடுத்துகினு போ. இதுலயும் தோத்தா இன்னா சொல்லுவ?"

வீட்டில் அவன் மெஷின் பறந்தது. விசிறியும் அலறியது. அம்மா எட்டிப் பார்ப்பதற்குள் ஒரு ரேஸை முடித்துவிடும் வெறியில் ஓட்டினேன். ஓரிடத்தில்கூடக் காட்சி விக்கவில்லை. அவன் கையில் என் நோஞ்சான் மெஷின்.

தோற்றேன்.

போன் போட்டேன். "எப்பிட்றா? அதுலதான் ஒன்னுமே தெரியாதே!"

"திருப்பம் எங்க வரும்னு தெரியுமேடா. பாத்துதான் திருப்பணுமா இன்னா?" என்று சிரித்தான். "ஆமா, நீ ஏன் ப்ராசஸர பாதிக்கு மேல ஓடக்கூடாதுன்னு கட்டிப் போட்டு வச்சிருக்க?"

அப்போதுதான் நினைவு வந்தது. அம்மா கண்டுபிடித்த சில நாளிலேயே, பயந்துபோய், ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து, பவர் செட்டிங்கில் ப்ராசஸரின் வேகத்தை நானேதான் பாதியாகக் குறைத்திருந்தேன். சூடேறாது, விசிறி சுற்றாது, அம்மாவுக்குக் கேட்காது. என்ன மூளை! அதை அடியோடு மறந்துவிட்டுத்தான் இத்தனை நாளும் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஸ்டீபனே சரிசெய்து கொடுத்தான். அதன் பிறகுதான் பொறாமை நிஜமாகவே பிடித்துக்கொண்டது. மெஷின் மேல் இருந்தவரை தாங்க முடிந்தது. இப்போது அவன் விரல் மேல், அவன் நிதானத்தின் மேல். விசிறி இரைய, அம்மா திட்ட, முழு வேகத்தில் ஓட்டி முழு வேகத்தில் தோற்றேன். உங்களுக்கும் இப்படி ஒருவன் வாய்த்திருந்தால் புரியும்.

இன்று அந்தக் கொல்லையில் மனைக்கல் நட்டுவிட்டார்கள். கொட்டாய் இல்லை. ஸ்டீபன் ஓசூர் பக்கம் வேலையில் இருக்கிறான். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆன்லைனில் அதே ரேஸ் ஆடுகிறேன், ஜெயிக்கவும் செய்கிறேன். யாரை என்றுதான் தெரியாது.

தோழியின் லேப்டாப்பைச் சரிசெய்த அன்று சாயங்காலம் அவனுக்கு போன் செய்தேன். "ஒரு ரேஸ் போடலாமாடா?"

"அந்த கேமா? அத எப்பவோ தூக்கிட்டேன்பா. நீ இன்னும் ஆடிகினா இருக்க?"

கேலியாகக்கூடக் கேட்கவில்லை. இனி அவனை நான் ஜெயிக்கப் போவதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அத்தனை லேசாக அதை அவனால் தூக்கிப் போட முடிந்திருக்கிறதே. போனை வைத்ததும் அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.