அடித்தவன் பேரில் ஒரு முறைப்பாடு

கல்முனைக்குடியில் என் வீட்டுக் கதவை அவள் தட்டியபோது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்திருந்தாள். விலக்கிப் பார்த்தேன். இடது கண் வீங்கி மூடியிருந்தது.

நான் முன்பு செய்த பாலியல் தொழிலைத்தான் அவள் செய்கிறாள். நான் அதை விட்டுவிட்டு, அந்தப் பெண்களின் உரிமைக்காகப் பொலிசுக்கும் கோட்டுக்கும் அலையத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. ஊருக்கு இரண்டும் தெரியும்.

ஆணுறை இல்லாமல் முடியாது என்று அவள் சொன்னதற்காக ஒருவன் அடித்திருக்கிறான். கடை வைத்திருப்பவன், அவளுக்குத் தெரிந்த ஆள்தான்.

“பொலிசுக்குப் போவம்” என்றேன்.

“போனா என்னத்தானே ராத்தா புடிச்சி வெப்பாங்க?” அக்கா முறையில் அவள் என்னை ராத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

“நான் பக்கத்துல இருப்பன். நடந்தத மட்டும் சொல்லு.”

பொலிஸ் நிலையத்தில் பெண்கள் பிரிவுக்குப் போனோம். மேசையில் இருந்த பெண் பொலிஸ் அவளுடைய கண்ணைப் பார்த்தார்.

“புருஷனா அடிச்ச?”

“இல்ல. வந்த ஆள்.”

அவருக்கு விளங்கிவிட்டது. “இந்தத் தொழிலுக்குப் போனா அடி விழும்தானே” என்றார்.

அவள் எழும்பப் பார்த்தாள். கையைப் பிடித்து இருத்தினேன்.

“மிஸ், மீன் விக்கிற பொம்புளைக்கி அடிச்சா தொழிலப் பாத்தா எழுதுவீங்க? அடிச்சது குத்தம். அத எழுதுங்க. ஏலாதெண்டா சொல்லுங்க, நாங்க பெரியவர்ட்ட போறம்.”

அவர் நிலையப் பொறுப்பதிகாரியிடம் கேட்க உள்ளே போனார். நாங்கள் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தோம். பள்ளியில் மதிய ளுஹர் பாங்கு சொல்லி முடிந்த பிறகுதான் திரும்பி வந்தார். பேனையை எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதி, வாசித்தும் காட்டினார்.

அடுத்த நாள் எங்களையும் அவனையும் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். உறவுக்காரர் ஒருவரோடு வந்தான். அந்த மனிதர் அவளை விட்டுவிட்டு என்னிடம் கதைத்தார்.

“ரெண்டு பேருக்கும் பேர் கெடும் புள்ள. சமாதானமாப் போவம்.”

நான் அவள் பக்கம் திரும்பினேன். பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான்.

“அடிச்சாரா இல்லையாண்டு முதல்ல அவரச் சொல்லச் சொல்லுங்க” என்றாள்.

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு “ஓம்” என்றான். கோட்டிலும் ஒப்புக்கொண்டான். நீதவான் தண்டனை விதித்த அன்று, வெளியே வந்ததும் அவள் அழுவாள் என்று நினைத்தேன். “பசிக்கிது ராத்தா” என்றாள். இரண்டு பேரும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டோம்.

இப்போது சில பெண்கள் என்னைக் கூப்பிடுவதே இல்லை. தாங்களே பொலிசுக்குப் போய் முறைப்பாடு கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குச் சொல்கிறார்கள்.