பேய் வீட்டு மெழுகுதிரி

பேய் வீடு பார்க்கப் போகலாம் என்று சொன்னது என் கணவர்தான். ஊரில் சண்டை முடிந்த அந்த ஆண்டு, ஒக்டோபர் கடைசி. புலம்பெயர்ந்து வந்து நாங்கள் இருந்த சென்ட் லோரன்ட் ஃபிளாட்டுக்குள் நான் தொலைபேசியைப் பார்த்துப் பார்த்து, குட்டி போட்ட பூனைபோல நடந்துகொண்டிருந்ததை அவரால் பொறுக்க முடியவில்லை.

மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்துபோன என் அண்ணையைப் பற்றி மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. முகாமில் கண்டதாக ஒருவர் சொன்னார். அது அவரில்லை என்று இன்னொருவர் சொன்னார். எங்களோடு இருந்த அம்மா செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய் அந்தோனியார் சுரூபத்தின் முன்னால் மெழுகுதிரி கொளுத்துவார். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருபவர் அவர்தானே. இறந்தவர்களுக்காக நவம்பரில் கொளுத்துவது வேறு திரி. அது அப்பாவுக்கு மட்டும். இந்த இரண்டையும் அம்மா ஒருபோதும் கலக்கமாட்டார், எங்களையும் கலக்க விடமாட்டார்.

"காசு குடுத்துப் பேய் பாக்கிறியளோ? போறதெண்டா போங்கோ," என்றார் அம்மா. பிறகு கதவுவரை வந்து என் கையைப் பிடித்தார். "பிள்ளை, அங்க ஆரையும் கூப்பிடாத, என்ன?"

மலைச்சரிவில் இருந்தது அந்த வீடு. விக்டோரியா காலத்துச் சாம்பல்நிறக் கல்வீடு. பட்டப்பகலிலும் உள்ளே இருண்டு கிடந்தது. மேல்மாடியில் ஒரு தாய் நடக்கிறாளாம். கப்பலில் போன மகன் திரும்பி வராததால், செத்த பிறகும் ஜன்னல் ஜன்னலாகப் போய்ப் பார்க்கிறாளாம். வழிகாட்டிப் பெண் அதை முதலில் பிரெஞ்சில், பிறகு ஆங்கிலத்தில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையைத் தேடுகிறவளைக் கண்டு பயப்பட என்ன இருக்கிறது? அதுதான் பேய் என்றால் எங்கள் வீட்டிலும் ஒன்று தினமும் சமைத்துத் தருகிறது.

மேல்மாடிப் படுக்கையறையில் ஆளுக்கொரு மெழுகுதிரி தந்தாள். உள்ளே எல்லாம் பழைய மரம் என்பதால் நெருப்புக்குத் தடை. பற்றரியில் எரியும் பிளாஸ்டிக் திரி. திரைச்சீலையை இழுத்து மூடினாள். உங்களுடைய ஆட்களில் இறந்துபோன ஒருவரை நினையுங்கள், அவர் வந்தால் சுடர் துடிக்கும் என்றாள்.

நான் அப்பாவை நினைக்கத்தான் இருந்தேன். வந்தது அண்ணையின் முகம். பாதி சவரம் செய்தபடி, நாடியில் நுரையோடு. கூப்பிடாமலே வந்து நின்றார். அவர் செத்துவிட்டார் என்று நான் எப்போது முடிவெடுத்தேன்? அம்மாவுக்குத் தெரியாமல், எனக்கே தெரியாமல்?

சுடர் ஆடியது. ஆடியது என் கைதான் என்று தெரியும். ஆனாலும் ஊதினேன். அணையவில்லை. மறுபடி ஊதினேன், ஈர விறகை ஊதுவதுபோல மூச்சுப் பிடித்து. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் சிரித்தார்.

"அடியில சுவிச் இருக்கப்பா," என்று மெல்லச் சொல்லி, கணவர் அதை வாங்கி அணைத்தார். அவர் சிரிக்கவில்லை. வழிகாட்டி வேறொன்றை நீட்டினாள்.

"நோ, மெர்சி," என்றேன். மீதி நேரம் முழுவதும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மெட்ரோவில் வீடு திரும்பினோம். வீட்டுக் கதவைத் திறந்தால், அம்மா கதவடியிலேயே நின்றார். சப்பாத்தைக் கழற்றவும் விடவில்லை.

"ஆரும் வந்தவையோ?"

அந்த வீட்டுப் பேயைப் பற்றி அவர் கேட்கவில்லை என்று எனக்கு உடனே விளங்கியது. பின்னேரம் முழுவதும் அண்ணை அங்கே வந்துவிடுவாரோ என்று நினைத்துத்தான் பயந்துகொண்டு இருந்திருக்கிறார்.

"இல்லையம்மா. ஒருத்தரும் வரேல்லை."

அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகம் தெளிந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"அப்ப அவன் இருக்கிறான்," என்று சொல்லிக்கொண்டு சமைக்கக் குசினிக்குப் போனார். நான் சப்பாத்தோடு கதவடியிலேயே நின்றேன்.