ஹெட் ஆபீஸ் மாப்பிள்ளை

என் தங்கை புருஷனுக்கு எங்கள் குடும்பத்தில் ஹெட் ஆபீஸ் என்று பெயர். அவர் காதுபடவே அப்படித்தான் சொல்வோம். கோபப்பட மாட்டார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்கிற மண்டை அவருக்கு.

டைல்ஸ் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவர். படம் நன்றாக வரைவார், அதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர் வரைந்த ஆமை ஒன்று, கையில் குடையோடு, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது. வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே வரையப் போகிறேன் என்று அவர் சொன்னபோது, அந்தக் கையை நம்பித்தான் தங்கை சம்மதித்தாள். மழைக்காலத்துக்குள் நிலையாக ஒரு வேலை பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் டைல்ஸ் கடை என்று அப்போதே சொல்லிவிட்டாள். தலையைத் தலையை ஆட்டினார்.

மனுஷன் வரைய உட்கார்ந்தாரா? வீடியோ பார்க்க உட்கார்ந்தார். சொந்தத் தொழில் செய்பவனுக்கு அவசியமான திறமைகளாம். பேச்சுத் திறமை, நேரத்தை நிர்வகிக்கும் திறமை, வாடிக்கையாளரைக் கவரும் திறமை, முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லும் திறமை. கடைசித் திறமையை என் தங்கையிடம்தான் பழகிப் பார்த்தார். கடைக்குப் போய்வரச் சொன்னால் முடியாது என்பார். வாஷிங் மெஷின் இருந்த பின்னறையில் ஒரு மேசையையும் சுழல்நாற்காலியையும் திணித்தார். அதன் பிறகு துணி போட வேண்டுமானால் முதலாளியை நாற்காலியோடு வெளியே தள்ளிவிட்டுத்தான் போட வேண்டும்.

ஒற்றை ஆள் என்று தெரிந்தால் எவனும் மதிக்க மாட்டான் என்று ஏதோ ஒரு வீடியோவில் எவனோ உளறியிருக்கிறான். அன்றைக்குப் பிடித்தது சனி. படம் வேண்டும் என்று யார் கேட்டாலும், "ஹெட் ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்" என்பார். ஹெட் ஆபீஸ் என்பது அந்தப் பின்னறை. வெப்சைட்டில் 'எங்கள் ஓவியர் குழு' என்று வேறு போட்டுக்கொண்டார்.

"குழுவுல யாரெல்லாம் இருக்காங்க மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பிராண்டிங் மச்சான். உங்களுக்குப் புரியாது."

புரியாமல் என்ன? புளுகுக்கு இங்கிலீஷில் அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மழைக்காலம் நெருங்கி வானம் கறுக்கத் தொடங்கியிருந்த ஒரு பகலில் நான் அந்தப் பின்னறையில் இருந்தபோது போன் வந்தது. பள்ளிக்கூடப் புத்தகம் போடுகிற பதிப்பகம். அந்த ஆமைப் படத்தின் நகலை மாதிரிக்கு அனுப்பியிருந்தார். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் புத்தகத்துக்கும் படம் வேண்டும் என்று ஏற்கெனவே மெயில் போட்டிருந்தார்களாம்; கிடைத்தால் வருஷக்கணக்கில் கவலை இல்லை. மெஷின் பக்கத்தில் நின்ற தங்கை இன்னும் கிட்ட வந்தாள்.

இவர் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, முதலில் மூக்கால் பேசினார். "வணக்கம், எந்த செக்‌ஷன் வேணும்?" பிறகு இன்னொரு செல்போனில் கொஞ்ச நேரம் பாட்டு ஓடவிட்டார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு கனத்த குரலில், "சொல்லுங்க மேடம்" என்றார். அந்த நேரம் பார்த்து மெஷின் துணி பிழிய ஆரம்பித்துக் கடகடவென்று ஆடியது.

"பிரிண்டிங் செக்‌ஷன் மேடம். எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும்."

"உங்ககிட்ட எத்தனை பேர் வரையறாங்க?"

"பன்னிரண்டு பேர் மேடம்!"

அந்த அம்மா பெருமூச்சு விட்டது எங்களுக்கும் கேட்டது. "அங்கதாங்க இடிக்குது. போன தடவை ஒரு கம்பெனிகிட்டதான் குடுத்தோம். கதையில வர்ற பொண்ணுக்குப் பக்கத்துக்குப் பக்கம் வேற மூஞ்சி. பிள்ளைங்க இது யாரு, அது யாருன்னு கேக்குதுங்க. அதனால இந்தத் தடவை, வீட்ல உக்காந்து தனியா வரையற ஒருத்தரைத்தான் தேடறோம். தப்பா நினைக்காதீங்க, அந்தக் குடை பிடிச்ச ஆமை யாரு வரைஞ்சது? அவருக்கே மொத்தமும் குடுத்துடறோம்."

தங்கை முகத்தைப் பார்க்க வேண்டுமே! 'நீங்கதான்னு சொல்லுங்க' என்று சத்தம் வராமல் வாயசைத்து, விரலால் அவர் நெஞ்சைக் குத்திக் காட்டினாள். நானும் காட்டினேன். நான்தான் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அதைச் சொல்லுகிற திறமையை எந்த வீடியோவும் கற்றுக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. பன்னிரண்டு பேர் எங்கே என்று கேட்டுவிடுவார்களே என்று மனுஷனுக்குப் பயம்.

"அவரு... வேலையை விட்டுப் போயிட்டாரு மேடம்."

"அடடா. இப்ப எங்க இருக்காருன்னு தெரியுமா?"

"தெரியலையே மேடம்."

"சரிங்க, வேற யாரையாவது பாத்துக்கறோம்." போன் அடங்கியது.

தன்னைத் தானே வேலையை விட்டு அனுப்பிய முதலாளியை நான் அன்றுதான் பார்த்தேன். "இப்பவே திருப்பிக் கூப்பிட்டு, நான்தான் வரைஞ்சேன்னு சொல்லித் தொலைங்க மாப்பிள்ளை!"

"அதெப்படி மச்சான்? கம்பெனி மானம் என்ன ஆகறது?"

மெஷின் நின்றது. தங்கை நாற்காலியோடு அவரை வெளியே தள்ளிவிட்டு, ஈரத் துணியை ஒவ்வொன்றாக எடுத்து உதறி வாளியில் போட்டாள். எல்லாம் எடுத்து முடித்த பிறகுதான் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவங்க மறுபடி கேட்டாங்கன்னா சொல்லுங்க. வேலையை விட்டுப் போனவரு திங்கக்கிழமையிலேர்ந்து டைல்ஸ் கடையில இருப்பாரு."